முனியாண்டி மரத்துப் பெத்தாயைக் காணோம்!

பியாட்ரிஸ் அக்கா ஒருமுறை ஈப்போ ரயில் நிலையத்தில் தும்மினார். அந்தச் சத்தத்துக்கே மூன்று பிக்பாக்கெட்டுகள் கையைத் தூக்கிக்கொண்டு சரணடைந்தார்கள். நான்காமவன் அன்று டாக்டரிடம் எம்.சி. விடுப்பு எடுத்து வீட்டில் படுத்திருந்ததால் பிழைத்தான்.

இதை நம்ப மறுப்பவர்கள் புந்தோங் வட்டாரத்தில் நிறையப் பேர். பக்கத்திலேயே நின்ற தர்மாவும் அவர்களில் ஒருவர். அவருக்கு நினைவிருக்கிறபடி கையைத் தூக்கியது ஒரே ஆள், அதுவும் டாக்சியைக் கூப்பிட. ஆனாலும் தர்மா வாயைத் திறப்பதில்லை. லூமுட் பாதையில் காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்று, வீட்டில் நாற்காலி முதற்கொண்டு எல்லாம் மனைவியின் சீரியலுக்கு ஒதுக்கப்பட்டுவிட்ட நிலையில் தவித்த மனிதர் அவர். அவரைக் கூப்பிட்டு 'துணைத் துப்பறிவாளர்' என்று அட்டை அடித்துக் கொடுத்தவர் அக்கா.

அக்காவுக்கு அறுபத்து நான்கு வயது. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். ஒரு காலத்தில் பேராக் மாநிலத்தின் பாதிப் பொய்கள் அவர் காது வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. இப்போது கச்சாங் பூத்தே கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம். கீழே கடலை வறுபடும்; மேலே ஆட்கள் வறுபடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தவள் தினேஸ்வரி. பல் மருத்துவமனையில் தாதி. அழுது அழுது மூக்கு மிளகாய்ப்பழமாகியிருந்தது.

"ஆன்ட்டி, இன்னிக்கி மத்தியானத்துக்குள்ள ஒரு திருடனைக் கண்டுபிடிக்கணும். இல்லேன்னா என் கல்யாணம் நின்னுடும்."

"என்னா திருட்டு?" என்றார் அக்கா.

"பெத்தாய்."

காட்டு மரத்தில் நீளமாகத் தொங்கி, தின்றவனை நாற வைக்கும் அந்தக் காயின் பெயரைக் கேட்டதும் தர்மா காப்பியைக் கீழே வைத்தார். "எத்தனை கட்டும்மா?"

"ஒரு மரம்."

"மரத்தையே தூக்கிட்டுப் போயிட்டானா?"

"மரம் இருக்கு அண்ணே. காய்தான் இல்ல."

சுங்கை சிப்புட் போகிற வழியில் புக்கிட் செம்பாக்கா என்றொரு பழைய தோட்டம். ரப்பர் பால் வடிக்கும் கித்தா மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது, அங்கிருந்த ஜனங்கள் எல்லாரும் ஈப்போவுக்கு வந்து ஆளுக்கொரு வேலையில் ஒட்டிக்கொண்டார்கள். அங்கேயே நின்றுவிட்டவர்கள் முனியாண்டி சாமியும் வயதான ஒரு பெண்ணும்தான். சாமி தலைக்குமேல் ஒரு பெத்தாய் மரம். வருஷத்துக்கு ஒருநாள் படையலுக்கு எல்லாரும் திரும்பிப் போவார்கள். அந்த மரத்து முதல் காயில் மிளகாய்ச் சம்பல் வைத்துச் சாமிக்குப் படைக்கும்வரை, தோட்டத்து ஆள் எவரும் எந்த ஊர்ப் பெத்தாயையும் வாயில் வைக்கக் கூடாது. சாமியை முந்திக்கொண்டு தின்றால் முனி கண்ணைக் குத்திவிடுவார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி மரம் முழுக்கக் கொத்துக் கொத்தா தொங்குச்சு ஆன்ட்டி. நானே பார்த்தேன். அப்பாதான் கோயில் தலைவரு. இந்த வருஷம் ஆயிரம் காய்க்குக் கொறையாதுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டாரு. நேத்து காய் பறிக்கப் போயி அண்ணாந்து பார்த்தா ஒண்ணுமே இல்ல."

"சரி. அதுக்கும் உன் கல்யாணத்துக்கும் என்னா?"

தினேஸ்வரி மூக்கைச் சிந்தினாள். "ராட்னி நேத்து அங்க வந்தாரு. படையல் முடிஞ்சதும் நிச்சயம் பேசறதா இருந்துச்சு. அவரு கார் பூத்தைத் தொறந்தா உள்ள கட்டுக் கட்டா பெத்தாய்."

"அலமாக்!" என்றார் தர்மா.

"கோப்பெங் ரோட்டோரத்துல வாங்கினாராம். அப்பாவுக்குப் பெத்தாய்னா உயிரு, சந்தோஷப்படுவாருன்னு."

"ஏம்மா, பொண்ணு கேட்டு வாறவரு ஆப்பிள், ஆரஞ்சுன்னு வாங்கலாமே?"

"நானும் அதத்தான் சொன்னேன் அண்ணே. இன்னொண்ணு... பெத்தாய்க்குப் பக்கத்துல கயிறும் பெல்ட்டும் இருந்துச்சு. அவருக்கு போன் டவர் ஏறுற வேலை."

தர்மா அக்காவைப் பார்த்தார். மரம் ஏறத் தெரிந்தவன், கையில் கயிறு, காரில் காய். இந்தப் பையனைப் பிடிக்கத் துப்பறிவாளர் எதற்கு? கண்ணாடி போட்ட கோழியே போதும்.

"கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றேன்னு ராட்னி சொன்னாரு. வேதக்காரப் பையன் சத்தியம் எங்க முனிகிட்ட செல்லாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. படையலுக்குள்ள திருடன் வேற யாருன்னு தெரியலேன்னா, கூடியிருக்கிற சனங்க முன்னாடி சம்பந்தம் வேணாம்னு சொல்லப் போறாரு. சொல்லிட்டா பின்வாங்க மாட்டாரு ஆன்ட்டி. என் அப்பா தப்பான பஸ்ல ஏறினாக்கூட கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போற ஆளு."

"அந்த மாதிரி நான் நெறையப் பேர ஏத்திட்டுப் போயிருக்கேன்," என்று தர்மா பெருமூச்சு விட்டார்.

அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டார். "தர்மா, காரை எடு. போற வழியில பார்லி வாங்கணும்."

"தாகமா அக்கா?"

"எனக்கில்ல."

*

அந்தப் பெத்தாய் மரத்தின் உயரத்தை இதுவரை எவரும் அளந்ததில்லை. அளக்கப் போன டேப்புக்கு மயக்கம் வந்துவிட்டதாகக் கேள்வி. செம்மண் நிறத்தில் வழவழவென்று ஒரு தண்டு, ஒரு கிளைகூட விடாமல் நேராக மேலே போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, இனிமேல் போனால் விமானத்துக்கு இடைஞ்சல் என்கிற இடத்தில்தான் மனசு வந்து குடை விரிக்கிறது. இலையோ புளிய இலையைவிடப் பொடிசு. இவ்வளவு பெரிய உடம்புக்கு இத்தனை சின்ன இலையா என்று தர்மா அண்ணாந்து பார்த்தார். அவருடைய கழுத்து இரண்டு இடத்தில் சொடுக்கியது.

மரத்துக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை. முன்னால் முனியாண்டி, மீசையும் பாராங்குக் கத்தியுமாக. தண்டிலும் முன்பக்கக் கிளைகளிலும் வண்ண விளக்குச் சரங்கள் சுற்றியிருந்தன, இப்போது எரியவில்லை. கொட்டகைத் தூணில் ராட்னி வாங்கி வந்த பெத்தாய்க் கட்டுகள் சாட்சிப் பொருளாகத் தொங்கின. அதன் கீழே ராட்னி. நெடுநெடுவென்ற பையன், குத்தவைத்து உட்கார்ந்திருந்தபோதே தர்மாவின் இடுப்புக்கு வந்தான்.

கோயில் தலைவர் ராமையா வெள்ளை வேட்டியில் முன்னால் வந்தார். "டிடெக்டிவ் எல்லாம் எதுக்கு? அதோ திருடன், இதோ காய். கேஸ் முடிஞ்சுச்சுலா."

"முடிஞ்ச கேஸ்தான் அண்ணே எனக்குப் பிடிக்கும்," என்றார் அக்கா. "இந்தக் காய் இந்த மரத்துக் காயின்னு எப்படிச் சொல்றீங்க?"

"பெத்தாய் பெத்தாய்தானே!"

"அப்போ இதையே சாமிக்குச் சம்பல் வச்சிடலாமே?"

"அதெப்படி? சாமிக்கு இந்த மரத்துக் காய்தான் ஆகும்!"

"இது இந்த மரத்துக் காயின்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க?"

ராமையா வாயைத் திறந்தார், மூடினார், மீண்டும் திறந்து, "வெயில் ஜாஸ்தியா இருக்கு," என்றார்.

"அதான் பார்லி கொண்டாந்திருக்கேன்."

கோயிலை ஒட்டி ஒரு தகரக் கூரை வீடு. தோட்டத்தைவிட்டுப் போக மாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்ட கருப்பம்மாளின் வீடு அது. அவருக்குக் கழுத்து வலி. பல வருஷமாக அண்ணாந்து பார்த்ததே இல்லை. வானம் என்ன நிறம் என்றாலும் பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்பார். அந்த வீட்டு அடுப்பில் பார்லி கொதித்தது. பியாட்ரிஸ் அக்கா தம் கையாலேயே ராமையாவுக்கும், கோயில் கமிட்டி ஆட்கள் அனைவருக்கும், ராட்னிக்கும் ஊற்றினார். ஒரு குவளை, இன்னொரு குவளை, 'ஆம்பளை ஆளு இவ்வளவுதானா' என்று மற்றொரு குவளை. நெய்வேத்தியத்துக்குக் கொண்டுவந்த பெரிய அண்டாவே காலி.

பிறகு தர்மாவை ஓரமாகக் கூப்பிட்டார். "இங்க இருக்கிறது ஒரே ஒரு கக்கூஸ்தானே?"

"ஆமா."

"அதோ அந்த வாசல்ல போய் நில்லு."

தர்மாவுக்கு மெல்ல மெல்ல விஷயம் புரிந்தது. புரியப் புரிய முகம் வெளுத்தது. "அக்கா... வேணாம்க்கா."

"பெத்தாய் தின்னவன் வாயால பொய் சொல்லலாம் தர்மா. பல்லு விளக்கலாம், ஏலக்காய் மெல்லலாம். ஆனா ரெண்டு நாளைக்கு அவன் மூத்திர வாடை உண்மையத்தான் பேசும். ஒரு மரத்துக் காயைத் திருடினவன் ஒண்ணாச்சும் தின்னாம இருப்பானா?"

"அட்டையில துணைத் துப்பறிவாளர்னுதானே போட்டிருக்கு? மோப்ப நாய்னு போடலையே?"

"அடுத்த தடவை அடிக்கும்போது சேர்த்துடறேன். போ."

அடுத்த அரை மணி நேரத்தைப் பற்றித் தர்மா பின்னாளில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள், போனார்கள். வெளியே வந்த ஒவ்வொருவரிடமும், "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்று விசாரித்துக்கொண்டே தர்மா கதவுப் பக்கம் மூக்கை நீட்டினார். வாசலில் நின்று நலம் விசாரிக்கும் ஆளைக் கமிட்டி வினோதமாகப் பார்த்தது. கமிட்டி சுத்தம். ராட்னியும் சுத்தம், பனித்துளி போலச் சுத்தம். கடைசியாக ராமையா போய் வந்தார்.

தர்மா தள்ளாடிக்கொண்டு வந்து அக்காவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"யாரு?"

"தலைவரு. அக்கா... அது வாசம் இல்ல. மாநாடு."

அக்கா எழுந்தார். ராமையாவைக் கொட்டகையின் மூலைக்கு அழைத்துப் போய், தினேஸ்வரியும் தர்மாவும் மட்டும் கேட்கும்படி மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, பெத்தாய் எங்க தின்னீங்க?"

ராமையாவின் முகத்தில் இருந்த ரத்தம் முழுக்க வேட்டிக்குள் இறங்கிவிட்டது. முதலில் மறுத்தார். பிறகு முனியாண்டியைப் பார்த்தார். பாராங்கைப் பார்த்தார். "ரெண்டு கரண்டிதான்," என்றார்.

"எங்க?"

"தெலுக் இந்தான்ல. ஒரு சாப்பாட்டுக் கடையில."

"ரெண்டு கரண்டி பெத்தாய்க்கு தெலுக் இந்தான் வரைக்கும் காரை ஓட்டிட்டுப் போனீங்களா?"

"ஈப்போவுல தின்னா யாராச்சும் பார்த்துருவாங்களேம்மா!"

"அப்பா!" என்றாள் தினேஸ்வரி. அந்த ஒரு சொல்லில் ஒரு வருஷத்துத் திட்டு இருந்தது.

அக்கா கடையின் பெயரைக் கேட்டு போன் போட்டார். எடுத்த பெண்மணிக்கு அடையாளமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. "வெள்ளை வேட்டி பெரியவரா? ஆமா, முந்தா நாள் ராத்திரி. மூணு பிளேட்டு இறால் பெத்தாய். அழுதுக்கிட்டே தின்னாரு. வீட்டுல ஏதும் துக்கமா?"

போனை வைத்ததும் தர்மா குதித்தார். "அக்கா, பிடிச்சாச்சு! பையன்மேல பழியைப் போட்டுட்டுக் காயை எல்லாம் தலைவரே..."

"உட்காரு," என்றார் அக்கா. "வீட்டுல ஆயிரம் காயை ஒளிச்சு வச்சிருக்கிறவன், மூணு பிளேட்டுக்குத் தெலுக் இந்தானுக்குப் போவானா? இவரு பெத்தாய் கிடைக்காம ஏங்கிப் போன ஆளு. திருடன் இவரு இல்ல."

தர்மா உட்கார்ந்தார். ராமையாவும் உட்கார்ந்தார், ஆனால் உடனே எழுந்துவிட்டார். "அப்போ அந்தப் பையன்தான்! நான் தின்னது வேற விஷயம், அது எனக்கும் முனிக்கும் உள்ளது. நான் கணக்குத் தீர்த்துக்குறேன். மரத்துக் காய் எங்க? அதுக்குப் பதில் சொல்லுங்க!"

முதல்முறையாகத் தர்மா அக்காவின் முகத்தில் ஒரு வெற்றிடத்தைப் பார்த்தார். மோப்பம் பிடித்த துப்பு தெலுக் இந்தான் வரை ஓடி, மூன்று பிளேட்டோடு செத்துவிட்டது. வெளியே கார்கள் வந்துகொண்டிருந்தன. ஜனங்கள் சேவலும் சுருட்டும் பீர் பாட்டிலுமாகப் படையலுக்கு இறங்கினார்கள். தினேஸ்வரி ராட்னியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தரையில் இருந்த கல்லைப் பொறுக்கி இன்னொரு கல்லின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

*

தர்மா சோர்ந்துபோய்க் கருப்பம்மாள் வீட்டுத் துணிக்கொடிக் கம்பில் சாய்ந்தார்.

"தம்பி, அதுல சாயாத. வௌவால் எச்சம் ஒட்டும்," என்று கருப்பம்மாள் வாசலில் இருந்து குரல் கொடுத்தார்.

தர்மா துள்ளி விலகினார். "இன்னிக்கி எனக்கு இது ஒண்ணுதான் பாக்கி."

"வருசா வருசம் இந்த மரம் பூக்கிறப்ப என் துணி நாசந்தான். ராத்திரி பூரா மலைக் குகையிலேருந்து வௌவாலுங்க வந்து கூத்தடிக்கும். விடிஞ்சு பார்த்தா வெள்ளை சட்டை பாத்தேக் துணியாட்டம் புள்ளி புள்ளியா கெடக்கும். ஆனா இந்த வருசம் முனியாண்டி என் துணியைக் காப்பாத்திட்டாருப்பா. பூத்த காலம் முழுக்க ஒரு புள்ளி விழல."

பியாட்ரிஸ் அக்கா கையில் இருந்த பார்லிக் குவளை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

"ஒரு புள்ளிகூடவா?"

"ஒண்ணு இல்ல. பளிச்சுனு இருந்துச்சு. சாமிக்கு ஒரு சுருட்டுக்கூட வச்சேன்."

அக்கா திரும்பி மரத்தைப் பார்த்தார். விளக்குச் சரத்தைப் பார்த்தார். கருப்பம்மாளின் தகரக் கூரையைப் பார்த்தார். "தர்மா, ஏணி எடு. அந்தக் கூரைப் பீலியில என்னா அடைச்சிருக்குன்னு பாரு."

"அடுத்தது சாக்கடையா? கக்கூஸுக்கு இது பிரமோஷனா, டிமோஷனா?"

ஆனாலும் ஏறினார். பீலிக்குள் கையை விட்டார். சகதியோடு வந்தது ஒரு பிடி காய்ந்த காம்பு: முழ நீளக் காம்பு, நுனியில் உருளையாக ஒரு குமிழ், முரசு அடிக்கும் குச்சியைப் போல. ஒரு பிடி, இன்னொரு பிடி. பீலி முழுக்க அதுதான். அக்கா தூணில் தொங்கிய ராட்னியின் கட்டு ஒன்றை அவிழ்த்து இதன் பக்கத்தில் வைத்தார். அதிலும் அதே குச்சி, அதே குமிழ். ஆனால் குமிழைச் சுற்றிக் காய்கள் பிடித்திருந்த காம்படிகள் கட்டைவிரல் தடிமனில் துருத்திக்கொண்டிருந்தன. பீலியில் கிடைத்ததில் துருத்தல் ஒன்றுகூட இல்லை. வழுக்கைத் தலை.

அக்கா சிரித்தார். கோழிகள் சிதறி ஓடின. தொலைவில் ஒரு செம்பனை லாரி தானாகவே பிரேக் போட்டது.

"எல்லாரையும் கூப்பிடு!"

*

மரத்தடியில் ஜனக்கூட்டம் வட்டமாக நின்றது. ராமையா கைகளைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி இந்த மரத்துல கொத்துக் கொத்தா தொங்கினது எது?" என்று அக்கா ஆரம்பித்தார்.

"பெத்தாய்," என்றார் ராமையா.

"இல்ல. பூ. பெத்தாய்ப் பூ நீளக் காம்புல பல்பு மாட்டி விட்ட மாதிரி உருண்டையா தொங்கும். அந்த உயரத்துல பார்த்தா எது பூ, எது பிஞ்சுன்னு யாருக்குத் தெரியும்? நீங்க பூவைப் பார்த்துட்டுக் காய்க்குக் கணக்குச் சொல்லிட்டீங்க."

"சரி, பூவாவே இருக்கட்டும். பூ காயாகும்தானே?"

"சும்மா ஆகாது. பெத்தாய்ப் பூவுக்குத் தேனீ, வண்டு எல்லாம் போதாது. ராத்திரியில வௌவால் வரணும். மூஞ்சியைப் பூவுல புதைச்சுத் தேன் குடிச்சு, மகரந்தத்தை அப்பிக்கிட்டு அடுத்த பூவுக்குப் போகணும். அதுலயும் ஒவ்வொரு பூவுருண்டையும் காத்திருக்கிறது ஒரே ஒரு ராத்திரிதான். அன்னிக்கி வௌவால் வரலேன்னா முழுசா வாடி, காம்போட விழுந்துடும். அதான் இது." வழுக்கைக் குச்சியைத் தூக்கிக் காட்டினார். "காய் பிடிச்சிருந்தா அடையாளம் இருக்கும். இதுல இல்ல. காய்க்காத காயை எவன் திருடுவான்?"

கூட்டத்தில் சலசலப்பு. தர்மா மெல்லக் கேட்டார்: "இதெல்லாம் உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"காட்டு இலாகா ஆபீசர் ஒருத்தருக்கு லைன் போட்டுக் கொடுத்தப்ப கேட்டது."

"ஒட்டுக் கேட்டீங்களா?"

"லைன் கிளியரா இருக்கான்னு பார்த்தேன்."

"வௌவால் ஏன் வரல?" என்று ராமையா சீறினார். "வருசா வருசம் வாறது இந்த வருசம் மட்டும் எம்.சி. எடுத்துச்சா?"

"அண்ணே, இந்த லைட்டு யாரு உபயம்?"

ராமையாவின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. "நான்தான். கலர் மாறும். சாயந்தரம் போட்டா விடியற வரைக்கும் எரியும். மழையில ஷார்ட் ஆகறதுக்கு முன்னாடி ஒன்றரை மாசம் எரிஞ்சுச்சு. ஹைவேயில போறவன் எல்லாம் பெட்ரோல் ஸ்டேஷன்னு நெனைச்சு உள்ள வந்துட்டான், தெரியுமா?"

"எந்த மாசம்?"

நெஞ்சு மெல்ல இறங்கியது.

"மரம் பூத்த மாசம்," என்றார் அக்கா. "குகை இருட்டுல வாழுற வௌவால், பச்சை, சிவப்பு, ஊதான்னு கண்ணைக் குத்துற இடத்துக்கு எப்படி வரும்? கருப்பம்மா துணி ஏன் சுத்தமா இருந்துச்சுன்னு இப்பப் புரியுதா?"

"அப்போ அது சாமி பண்ணலையா? என் சுருட்டு!" என்றார் கருப்பம்மாள்.

"நம்ப மாட்டேன்!" ராமையா கையை வீசினார். "அறுவத்தேழு வருசமா பெத்தாய் தின்னுறேன். ஒரு வௌவாலுக்கும் நான் கடன்பட்டது கெடையாது. இது அந்தப் பையனைக் காப்பாத்தக் கட்டுன கதை!"

"லைட்டை மரத்தைச் சுத்தியா கட்டினீங்க?"

"முன்பக்கம் மட்டுந்தான். பின்பக்கத்தை யாரு பார்க்கப் போறா?"

"அப்போ வாங்க," என்றார் அக்கா. "நான் சொல்றது பொய்யா இருந்தா மலைப்பக்கக் கிளையிலயும் காய் இருக்கக் கூடாது. உண்மையா இருந்தா அங்க மட்டும் காய் தொங்கணும்."

மரத்தின் பின்பக்கத்துக்கு வழி கிடையாது. பெர்த்தாம் முள்ளும் அட்டையும்தான் குடியிருக்கின்றன. அதனாலேயே பல வருஷமாக யாரும் போனதில்லை. தர்மாவின் கால்சட்டை மூன்று இடத்தில் கிழிந்தது. ராமையாவின் வேட்டி முள்ளிடம் பேச்சு வார்த்தை நடத்திக்கொண்டே வந்தது. மலைச்சரிவில் ஏறித் திரும்பி நின்றார்கள்.

விளக்கே படாத அந்த ஒற்றைக் கிளையில், முறுக்கி முறுக்கி, பச்சைப் பசேலென்று, ஒரு கல்யாண வீட்டுத் தோரணம் அளவுக்குப் பெத்தாய் தொங்கியது.

கூட்டம் 'ஓ' என்றது. முனியாண்டி சந்நிதியில் மணி தானாக அடித்ததாகப் பிற்பாடு சிலர் சொன்னார்கள். அடித்தது ஒரு ஆடு.

ராமையா மட்டும் அசையவில்லை. "திருடன் இந்தப் பக்கம் மறந்துட்டுப் போயிருப்பான்," என்றார். குரலில் பழைய பலம் இல்லை.

"சரி," என்றார் அக்கா. "படையலுக்கு நேரமாச்சு. சாமிக்கு இந்த மரத்துக் காய் வேணும். யாரு ஏறுவா?"

கமிட்டி மரத்தைப் பார்த்தது. பிறகு தன் செருப்பைப் பார்த்தது. எல்லார் பார்வையும் சுற்றி வந்து கடைசியில் ராட்னிமேல் நின்றது.

"நான் ஏறுறேன் அங்கிள்," என்றான் ராட்னி. "ஆனா ஏறினா திருடன்னு சொல்லுவீங்களே."

ராமையா மரத்தையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். ஏறத் தெரிந்ததுதான் இவன் குற்றம். ஏறாவிட்டால் சாமி பட்டினி. "ஏறுப்பா," என்றார், தன் காலைப் பார்த்துக்கொண்டே.

பையன் கயிற்றை வீசினான், பெல்ட்டை மாட்டினான். அணில் பார்த்திருந்தால் ராஜினாமா கடிதம் எழுதியிருக்கும், அப்படி ஏறினான். சிறிது நேரத்தில் அவன் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குச் சின்னதாகிவிட்டான். மேலிருந்து குரல் இறங்கி வந்தது:

"அங்கிள்! முன்பக்கம் பூக்காம்பு இன்னும் கொஞ்சம் தொங்குது! உங்க லைட்டு ஒயர்ல சிக்கியிருக்கு! எல்லாம் மொட்டை! ஒரு இடத்துலயும் வெட்டின அடையாளம் இல்ல!"

கயிற்றில் கட்டிய கூடை, முதல் கொத்துக் காயோடு மெல்ல இறங்கியது. அவிழ்க்க வேண்டியவள் தினேஸ்வரி. அவள் கூடையைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள், அப்படியே அப்பாவைப் போல.

"எடும்மா, நேரமாகுது," என்றார் ராமையா.

"நேத்து எல்லார் முன்னாடியும்தானே அவரைத் திருடன்னு சொன்னீங்க? இப்ப எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்பறம் எடுக்குறேன்."

"தினேஸ்..."

"தெலுக் இந்தானையும் சேர்த்துச் சொல்லணுமாப்பா?"

ராமையா வேகமாகத் தலையாட்டினார். மரத்தைப் பார்த்து ஏதோ முனகினார்.

"கேக்கல அங்கிள்!" என்றது மரம்.

தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். காற்றில் இலைதான் அசைந்தது.

"கேக்கவே இல்ல!"

தர்மா ஓடினார். கொட்டகையில் பக்திப்பாட்டு போட்டுக்கொண்டிருந்த ஒலிபெருக்கியின் மைக்கை நீண்ட ஒயரோடு இழுத்து வந்து, கோயில் தலைவரின் கையில் மரியாதையாகக் கொடுத்தார். ராமையா மைக்கைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், வேட்டியை உதறிக் கட்டினார்.

"ஹலோ... ஹலோ... முனியாண்டி சாமிக்கும், தோட்டத்துச் சனங்களுக்கும், மரத்துமேல இருக்கிற என் மாப்பிள்ளைக்கும் வணக்கம். காயை யாரும் திருடல. வௌவால் வரல, அதான் காய் காய்க்கல. வௌவாலைத் தொரத்துனது என் லைட்டு." சுண்ணாம்பு மலை அதை வாங்கி, சுங்கை சிப்புட் வரைக்கும் திருப்பிச் சொன்னது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, அவர் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டு போனார். "நம்பவே முடியல. ஆனா நடந்தது அதுதான்லா."